அல்வாப் பதத்தில் ஒரு மின்கலம்

டெல்சி டீச்சர் காலையில் பெட்டியைத் திறந்தபோது, விறைப்பாக இருக்க வேண்டிய வெள்ளைத் தகடு அல்வாப் பதத்துக்கு வந்திருந்தது. விரலால் தொட்டார். விரலோடு வந்தது.

"இதுதான் சோடியம் பெட்டரியா டீச்சர்?" என்று சிற்றூழியர் ஆண்டியப்பன் எட்டிப் பார்த்தார்.

"அதுக்கு நடுவுல வைக்கிற மின்பகுபொருள். மத்த பெட்டரியில இந்த எடத்துல திரவம் இருக்கும். ஒழுகும், தீப்பிடிக்கும். இது ஒழுகாது. திண்மம்."

டீச்சரின் விரலிலிருந்து நூலாக இறங்கிக்கொண்டிருந்த திண்மத்தை ஆண்டியப்பன் பார்த்தார். துடைத்துக்கொள்ள ஒரு துணியை நீட்டினார். நல்ல மனிதர்.

கொட்டகலைப் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கூடம் என்று இருந்தது ஒரே ஓர் அறை. அதைப் பேண்ட் வாத்தியக் குழுவுக்குக் கொடுத்துவிட அதிபர் யோகேஸ்வரன் துடித்துக்கொண்டிருந்தார்.

"ட்ரம் அடிச்சா டவுன் வரைக்கும் கேக்கும் டீச்சர். ஒங்க விஞ்ஞானம் யாருக்குக் கேக்குது?"

இன்று கல்விப் பணிப்பாளர் வருகிறார். அவர் முன்னால் சோடியம் மின்கலம் ஒரு சிவப்பு மின்குமிழை எரியவைத்தால் அறை தப்பும். இல்லாவிட்டால் ட்ரம்.

தகட்டைச் செய்து கொடுத்தவன் பேராதனையில் ஆராய்ச்சி செய்யும் பழைய வகுப்புத் தோழன் சுதாகரன். டீச்சர் அவனுக்குப் போன் போட்டார்.

"ஈரம் பட்டுச்சா டெல்சி?"

"இங்க ஈரம் படாதது என்ன இருக்கு? காயப்போட்ட துணிய நாங்க ஈரத்தோடதான் எடுத்து மடிக்கிறோம்."

"சரி, காய வையி. ஆனா சூட்டோட மாட்டிறாத. ஆறி இறுகுனாத்தான் வேல செய்யும்."

ஆண்டியப்பனுக்கு யோசனை பிறந்தது. "அரிசிக்குள்ள பொதைங்க டீச்சர். என் போன் பீலித் தண்ணிக்குள்ள விழுந்தப்ப அப்படித்தான் பொழைச்சுச்சு."

பகலுணவு அரிசி மூட்டைக்குள் தகடு போனது. வெளியே வரும்போது பொரி உருண்டையாக வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அரிசி பொறுக்கினார்கள்.

அடுத்து, மனையியல் டீச்சரின் இஸ்திரிப் பெட்டி. தகடு காயவில்லை, இஸ்திரிப் பெட்டியைக் காதலித்தது. கரண்டியால் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று.

"ஒரே வழிதான் இருக்கு," என்றார் ஆண்டியப்பன். "தேயில காயிற எடத்துல இது காயாதா? என் மச்சான் பொன்னையா பெக்டரியிலதான் இருக்காரு. குடுங்க, ஒரே ஓட்டமா போயிட்டு வந்துர்றேன்."

ஓடினார். ஓடி வந்தார். தகடு சுடச்சுடக் காய்ந்திருந்தது. கூடவே கன்னங்கரேலென்று தேயிலைத் தூளும் அப்பியிருந்தது.

"மச்சான் மோந்து பாத்தாரு டீச்சர். ஏலத்துக்கே அனுப்பலாமாம்."

பணிப்பாளரின் வாகனம் வாசலில் ஹோர்ன் அடித்தது. ஆறவிட நேரமில்லை. டீச்சர் அவசரமாக இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அதை வைத்து இறுக்கி, சுவிட்சைப் போட்டார். குமிழ் எரியாமல் கிடந்தது.

மாதாவிடம் அவசரமாக ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேசை லாச்சியிலிருந்து இரண்டு சின்ன பெட்டரிகளை எடுத்தார். மின்கலத்தைப் பொருத்தியிருந்த அட்டைக்கு அடியில் ஒளித்து வைத்து, குமிழுக்குக் கள்ள வயர் கொடுத்தார். சுவிட்சைப் போட்டார். குமிழ் சிரித்தது. அணைத்துவிட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றார்.

அதிபர் கையில் மைக் ஏறியது. அன்றைக்கு அது இலகுவில் இறங்குவதாக இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முதல் கல் வைத்த கதையில் ஆரம்பித்தார். கூரைத் தகரம் வந்த கட்டத்தில் மைக் செத்தது. சபை முழுவதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. கொஞ்ச நேரத்தில் மைக்குக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. பாவம் சபை. கழிப்பறைக்குத் தண்ணீர் வந்த வரலாற்றில் பணிப்பாளர் கண்ணயர்ந்தார்.

ஒரு மணிநேரத்துக்குப் பிறகு ஒருவழியாக எல்லோரும் விஞ்ஞானக் கூடத்துக்கு வந்தார்கள். டெல்சி டீச்சர் சுவிட்சைப் போட்டார்.

சிவப்பாகப் பளிச்சென்று எரிந்தது குமிழ்.

"அபாரம்!" பணிப்பாளருக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. "திரவமே இல்லாமலா? டீச்சர், இந்த ரூம்ல யாரும் கை வைக்கக் கூடாது. அட்டன்ல இருக்க எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்து இதக் காட்டப் போறேன்!"

எல்லாப் பிள்ளைகளிடமும் பொய் சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை.

"சேர்… மன்னிச்சுக்கங்க. இது பொய். அட்டைக்கு அடியில ரெண்டு பெட்டரி ஒளிச்சு வச்சிருக்கேன். அதுலதான் எரியுது."

பணிப்பாளரின் முகம் இருண்டது. அதிபர் முகத்தில் மட்டும் பொழுது விடிந்தது. கையில் இன்னும் விடாமல் வைத்திருந்த மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"பேண்ட் பிள்ளைகள் உடனடியாக ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு விஞ்ஞானக் கூடத்துக்கு வரவும்!"

குமிழ் எரிந்துகொண்டே இருந்தது. கதவோரம் நின்ற ஆண்டியப்பன் தலையைச் சொறிந்தார்.

"அதுக்கு அடியில பெட்டரி இல்லியே டீச்சர். அதிபர் சேரோட மைக் நின்னப்ப, நான்தானே அதக் கழட்டி மைக்குல போட்டேன்!"