ஏகாம்பர ஆமையின் தீவுப் பயணத் திட்டம்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளம் என்று இருந்தால் அதில் ஆமையும் இருக்கும், ஆமைக்கு ஒரு பெண்டாட்டியும் இருப்பாள். ஆமையின் பெயர் ஏகாம்பரம். பெண்டாட்டி பெயர் பொற்கொடி. கல்யாணமான மறுநாள் ஏகாம்பரம் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"உன்னை அலைத்தீவு நாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். மலை, அருவி, கடல் எல்லாத்தையும் ஒரே நாட்டுல பாத்துடலாம்."

இது நாற்பது வருடத்துக்கு முந்தைய பேச்சு. அதற்குப் பிறகு குளத்தையே மூன்று தடவை தூர் வாரிவிட்டார்கள். பொற்கொடி மட்டும் இன்னும் கடலைப் பார்க்கவில்லை.

ஏகாம்பரத்தைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. விடிந்தால் எழுந்து, தாமரை இலையை விரித்து, பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துத் திட்டம் போட உட்கார்ந்துவிடுவார். தீவுக்கு வருடத்தில் இரண்டு மழை. வைகாசியில் மேற்குக் கரையைப் பிடித்தால் ஆவணி வரை விடாது. ஐப்பசியில் கிழக்குக் கரைக்கு மாறிக்கொள்ளும். மேற்கே பெய்யும்போது கிழக்கே போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் அப்போதுதான் அங்கே யானை ஊர்வலம், தங்க ஒரு பொந்துகூடக் கிடைக்காது. தையில் வெளிநாட்டு நாரைகள் வந்து மலை ரயிலின் ஜன்னல் ஓரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பங்குனி வெயிலில் ஓடு வெடித்துவிடும். எல்லாம் கழித்து மிஞ்சியது மாசி. மாசியிலோ படகு வியாழக்கிழமைதான் புறப்படும். வியாழன் தெற்கே சூலம். தீவு தெற்கே.

இந்தத் திட்டத்துக்கெல்லாம் வேதம், பக்கத்துப் புதர் மாசிலாமணி முயல் எழுதிய பயணக் குறிப்புதான். முயல் வருடம் தவறாமல் தீவுக்குப் போய் வருபவர். குறிப்பின் முதல் வரி: 'மழையில் மட்டும் போகாதீர். நனைந்தால் ரோமம் காய மூன்று நாள் ஆகும்.' ஏகாம்பரத்துக்கு அது மனப்பாடம். வானம் லேசாகக் கறுத்தாலே அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

பொற்கொடிக்கு முதலில் கோபம் வரும், பிறகு அழுகை வரும். ஆயுசு நூறுக்கு மேல் என்ற தைரியத்தில்தானே இவர் இழுத்தடிக்கிறார் என்று நினைப்பாள். நூறானாலும் ஒருநாள் முடியத்தானே போகிறது? கண்ணை மூடுவதற்குள் கடலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இந்த வருடம் அதிசயமாகப் படகை வியாழனிலிருந்து புதனுக்கு மாற்றினார்கள். ஏகாம்பரம் துள்ளிக் குதித்தார், அதாவது கழுத்தை ஓர் அங்குலம் நீட்டினார். மாசிப் பயணத்துக்கு ஐப்பசியிலேயே விசா வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. ஆற்றுப் படகுத்துறை விசா அலுவலகத்தில் இருவரும் வரிசையில் நின்றார்கள். முன்னால் ஒரு மலைப்பாம்பு நின்றதால் வரிசையில் எத்தனை பேர் என்பது கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை.

விசா அதிகாரி ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றபடியே ஏகாம்பரத்தைக் கேட்டது.

"எப்போ போறீங்க?"

"மாசி பதினெட்டு, புதன்கிழமை. பதினொண்ணே முக்காலுக்குப் படகுல காலை வைக்கணும். பன்னிரண்டுக்கு ராகுகாலம் பிறந்துடும்."

"எங்கெல்லாம் போறதா உத்தேசம்?"

அப்படிக் கேட்க ஓர் ஆள் கிடைக்காதா என்று நாற்பது வருடம் காத்திருந்தவர் அவர். தாமரை இலையை விரித்தார். மலை ரயிலில் ஏழாவது குகை வரை இடப்பக்கம் உட்கார வேண்டும், அப்புறம் வலப்பக்கம். பாறைக் கோட்டைக்கு எத்தனை படி, எந்தத் துறையில் எப்போது கடல் ஏறும், சுங்க அதிகாரி எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவார், எல்லாம் சொன்னார்.

கொக்கு காலை மாற்றி ஊன்றியது.

"இவ்வளவு தெரிஞ்சவருக்கு அங்க போய்ப் பாக்க என்னய்யா இருக்கு? நீங்க சுற்றுலாப் பயணி இல்ல, உளவாளி!"

'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. அடுத்து பொற்கொடி.

"எங்கம்மா போறீங்க?"

"தெரியலீங்க. கடல் இருக்கிற பக்கமா."

"எங்க தங்குவீங்க?"

பொற்கொடி திரும்பி முதுகைக் காட்டினாள்.

"என்னென்ன பாப்பீங்க?"

"எது கண்ணுல படுதோ அதைத்தாங்க."

கொக்கு நெகிழ்ந்துபோனது. "என் சர்வீஸ்ல முதல் தடவையா ஒரு நிஜமான பயணியைப் பாக்கறேன்" என்று சொல்லி முத்திரையைக் குத்தியது. ஒரே நிபந்தனை, முப்பது நாளுக்குள் புறப்பட்டுவிட வேண்டும்.

வெளியே வந்ததும் ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார். "முப்பது நாளா? இது ஐப்பசிடி! கிழக்குக் கரை பூரா அடைமழை. இந்த விசாவை விட்டுடு. அடுத்த வருஷம் நான் திரும்ப மனு போடறேன்."

பொற்கொடி நாற்பது வருடத்தில் ஒருநாளும் புருஷனை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. துறையில் நின்ற கிழக்குக் கரைப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தீவில் இறங்கும்போது மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கூட வந்த கோழிகளும் பூனைகளும் கூரைக்கடியில் ஒண்டி, வந்த நேரத்தைத் திட்டிக்கொண்டிருந்தன. பொற்கொடியும் பழக்க தோஷத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ரோமம் காய மூன்று நாள் ஆகுமே என்று பதறினாள். அப்புறம்தான் உறைத்தது. நமக்கு ஏது ரோமம்?

தலையை நீட்டினாள். நான்கு காலையும் நீட்டினாள். மழையில் நின்று முதலில் சிரித்தாள், பிறகு நாற்பது வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். கரையில் வேறு யாருமே இல்லை. அவ்வளவு பெரிய கடல் அவளுக்கு மட்டும் கிடைத்தது. மறுநாள் மலை ரயிலில் எல்லா ஜன்னலும் அவளுடையது. அருவிகள் பாறையைத் தள்ளிக்கொண்டு விழுந்தன. "மாசியில வந்திருந்தா நூல் மாதிரிதான் வடிஞ்சிருக்கும், அக்கா" என்றது உள்ளூர்த் தவளை.

சாயங்காலம் கைபேசி அடித்தது.

"நனையறியா?" என்றார் ஏகாம்பரம்.

"நல்லா நனையறேங்க."

"அடக் கடவுளே!"

"என்னங்க, நாம ஆமைங்க."

 அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் ஒலி கேட்டது.

"அது கிடக்கட்டும். நீ திரும்பி வர்றதுக்கு நான் ஒரு நல்ல நாள் பாக்கறேன். அதுவரைக்கும் எந்தப் படகுலயும் அவசரப்பட்டு ஏறிடாதே."

பொற்கொடி கடலைப் பார்த்தாள். மழை விடுகிற மாதிரி இல்லை.

"அவசரமே இல்லீங்க," என்றாள். "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

நீதி: எந்தப் பயணத்துக்கும் நல்ல திட்டம் அவசியம். திட்டம் போட்டவரை வீட்டில் விட்டுவிட்டுப் புறப்படுவது அதைவிட அவசியம்.