நவமி பதினொரு மணி மீட்டிங்

இனிமேல் குடும்பத்தையும் ஒரு ப்ராஜெக்ட் மாதிரி நடத்திவிடுவது என்று வெங்கடநாராயணன் தீர்மானம் செய்தார். மனுஷருக்கு வேறு வழியில்லை. கும்பகோணத்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து மூன்று வருஷம். லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து காளிகாட் கோயில் பஸ்ஸில் பத்து நிமிஷம். "கூட்டிண்டு போறேன்" என்று மனைவி மீனாக்ஷியிடம் முப்பது தடவை சொல்லியாயிற்று. முப்பது தடவையும் ஏதாவது ஒரு மீட்டிங் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. அதில் பாதி நிஜ மீட்டிங். மீதிப் பாதி, கீழ்வீட்டு போஸ் அண்ணா, வங்காளத்தில் போஸ்-தா, அவரோடு கேரம்.

"இதோ பார், ஃபேமிலி காலண்டர்," என்று அவள் போனில் ஏற்றிக் கொடுத்தார். "வாயால சொல்றது, கேக்கறது எல்லாம் இனிமே கிடையாது. எது வேணுமோ இதுல இன்வைட் அனுப்பு. நான் ஃப்ரீயா இருந்தா அதுவே அக்செப்ட் பண்ணிடும்."

"பிஸியா இருந்தா?"

"அது ஆபீஸ். பிரம்மா வந்தாலும் நகராது."

"அப்போ இதுல இருக்கறதுதான் சட்டம்?"

"சட்டம்!"

"எனக்கு மட்டுமா, உங்களுக்குமா?"

"எல்லாருக்கும்," என்றார் தாராளமாக. ஃப்ரீயாக இருந்தால்தானே வம்பு? காலண்டரை நிரப்புவது அவர் மாதிரி மேனேஜருக்குக் கைவந்த கலை. அதற்குத்தான் கம்பெனி சம்பளமே கொடுக்கிறது.

துர்கா பூஜை வந்தது. கூடவே மாமனார் சேஷாத்ரியும் வந்தார். பாங்க்கில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகப்பட்டே ரிடையர் ஆனவர். நவமியன்று அப்பாவுக்குப் பந்தல்களைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது மீனாக்ஷியின் ஆசை. அதே நவமி, பதினொரு மணிக்குத்தான் தெரு கிளப்பில் கேரம் இரட்டையர் ஃபைனல். போஸ்-தாவும் வெங்கடநாராயணனும் ஃபைனலுக்கு வந்திருந்தார்கள். இவரோ நாற்பத்து நாலு வயசு வரைக்கும் ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பாகூட வாங்காத ஜன்மம். இந்தக் கோப்பையை விட்டால் இனி ஜோடி போட எவன் கூப்பிடுவான்?

மீனாக்ஷி முந்திக்கொள்வதற்குள் காலண்டரில் தட்டினார்: 'நவமி, பதினொன்று முதல் ஒன்று வரை. யுஎஸ் கிளையன்ட் ரிவ்யூ. அர்ஜென்ட்.' அப்பாவும் பெண்ணும் பத்தரைக்குப் பந்தலுக்குக் கிளம்புவார்கள். பத்தே முக்காலுக்கு இவர் மாடிப்படி இறங்குவார். திட்டம் அவ்வளவுதான்.

மீனாக்ஷி போனைப் பார்த்தாள். "ஐயோ பாவம், நவமியன்னிக்குக்கூடவா? சரி, சட்டம் சட்டம்தான்."

பதினெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்ததே கிடையாது. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

நவமி காலை பத்தரை. சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் மீனாக்ஷி கிளம்பிவிட்டாள். மாமனார் மட்டும் லாப்டாப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பாவுக்கு முட்டி வலி, கூட்டத்துல நிக்க முடியாதாம். மாப்பிள்ளை வேலை பாக்கறதைப் பாக்கணும்னு ஆசைப்படறா. நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

பதினொன்று அடித்தது. வேறு வழி? "ஹலோ, ஆம் ஐ ஆடிபிள்?" என்று காலித் திரையைப் பார்த்துக் கேட்டார்.

"அமெரிக்கால இப்ப நடுராத்திரி இல்லையோ, மாப்பிள்ளை?"

"டெடிகேஷன், மாமா. தூங்கவே மாட்டா."

"பேசவும் மாட்டாளோ?"

"ஹெட்ஃபோன்ல பேசறா, மாமா."

"அதோட வயர் என் காலடியிலன்னா கிடக்கு."

வெங்கடநாராயணன் வயரை எடுத்துச் சொருகிக்கொண்டு, மூன்றாவது காலாண்டின் முன்னேற்றத்தை ஒருவருமில்லாத உலகத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் விளக்கினார். தொண்டை கட்டிப்போயிற்று. மாமனார் நடுநடுவே குறிப்பு வேறு எடுத்துக்கொண்டார். கீழே கிளப்பில் கைதட்டல் கேட்கும்போதெல்லாம் இவர் நெஞ்சில் யாரோ ஸ்ட்ரைக்கரால் சுண்டினார்கள்.

ஒரு மணிக்குக் கால் மணி இருக்கும்போது ஒலிபெருக்கி அலறியது. "சாம்பியன்! போஸ்-தா! மீனாக்ஷி பௌதி!"

பௌதி என்றால் அண்ணி. அந்தக் கட்டடத்தில் மீனாக்ஷி அண்ணி ஒருத்திதான்.

அவள் கோப்பையோடு வந்தாள். வெங்கடநாராயணன் கோப்பையையே பார்த்தார். நல்ல பெரிய கோப்பை.

"கிளப் நோட்டீஸ்லயும் பதினொண்ணு, உங்க காலண்டர்லயும் பதினொண்ணு. பாவம், உங்களுக்கு ஆபீஸ் வேலைன்னு போஸ்-தாகிட்ட போய்ச் சொன்னேன். அழாத குறை. ஜோடி இல்லாம அவரை எப்படி விடறது?"

"உனக்குக் கேரம் ஆடத் தெரியுமா?"

"மூணு வருஷம் காலேஜ் சாம்பியன் அவ," என்றார் மாமனார், குறிப்பு நோட்டை மூடிக்கொண்டே.

"என்கிட்ட சொல்லவே இல்லையேடீ!"

"கீழ சத்தம் கேக்கறச்சே எல்லாம் என்னையும் ஒரு தடவை கூப்பிட மாட்டேளான்னு மூணு வருஷம் உக்காந்திருந்தேன். சொல்லலாம்னு பார்த்தா, வாயால சொல்றதே கிடையாதுன்னுட்டேள்."

சொல்லிவிட்டு அவள் போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். இவர் போன் கிணுகிணுத்தது. 'ஒவ்வொரு ஞாயிறும், ஒன்பது முதல் ஒன்று வரை. மீனாக்ஷி: கேரம் பயிற்சி. வெங்கடநாராயணன்: சமையல்.'

பதறிப்போய் மறுக்கும் பொத்தானைத் தேடினார். அதற்குள் காலண்டர் அதுவாகவே ஒப்புக்கொண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஃப்ரீ.