குற்றாலத்துக்குப் போன அப்ரோச் ரோடு

இமயமலையையே கொண்டுவந்து எதிரில் நிறுத்தினாலும், "அதெல்லாம் சரி சார், அப்ரோச் ரோடு இன்னா அகலம்?" என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் செம்பாக்கத்தில்தான் இருந்தார். அடித்துச் சொல்கிறேன், இன்னொருவர் கிடையாது. இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் பாவம்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஏரிக்கரையிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் அவர் 'அப்ரோச் ரோடு'தான். விவசாயக் குடும்பம். இரண்டாயிரத்துச் சொச்ச வருஷங்களில் கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம் பக்கமெல்லாம் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தபோது, அவரும் மண்வெட்டியை வைத்துவிட்டு அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டார். மனைத் தரகர். மனைக்குப் போய்ச் சேரும் அப்ரோச் ரோடு எத்தனை அடி என்பதுதான் எப்போதும் அவருடைய முதல் கேள்வி. அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் மனைதான். என் தங்கைக்கு வரன் வந்திருக்கிறது என்று சொன்னபோது, மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்றா கேட்டார்? "பையன் வூடு கார்னர் மனையா சார்?" என்றார்.

இதில் நிஜமாகவே அடிபட்டவர் அவர் மனைவி தனம் அக்கா. கல்யாணமான புதிதில் மகாபலிபுரம் கூட்டிக்கொண்டு போனவர், அக்காவை ஒரு சிற்பத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, யாருக்கோ இடம் காட்டப் போய்விட்டார். திரும்பி வரும்போது சிற்பமும் அக்காவும் ஒரே மாதிரி நின்றுகொண்டிருந்தார்களாம். திருப்பதி வரிசையில் முன்னால் நின்றவரிடம் லேஅவுட் பேசிக்கொண்டே போனவர், சாமியைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, மாமனார் கருமாதிப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் வடகிழக்கு மூலையைப் பற்றிப் பேசினார் பாருங்கள், அன்றோடு அக்கா அவருடன் வெளியூர் போவதையே நிறுத்திவிட்டார்.

ஆனால் அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. டிவியில் பார்த்தது. "நம்ம ஊர்ல சூரியன் கடல்லேர்ந்து வருது. மலைக்கு அந்தாண்ட கடலுக்குள்ள போவுதாமே சார்! போற வழில மகால், அருவி, எண்ணெய்க் குளியல் எல்லாம் கீதாம். நான் நம்ம தாம்பரம் பச்சமலையும் திருப்பதியும் வுட்டா வேற மலையே பாத்ததில்ல. ஒரு தபா, ஒரே ஒரு தபா நிம்மதியா பாக்கணும்."

ஆடி மாதம் வந்தது. ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். தரகர்கள் ஈ ஓட்டும் மாதம். எங்கள் தெருவிலிருந்து நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து தாம்பரம் ஜமால் பாயின் வேனைப் பேசினோம். மதுரை, குற்றாலம், செங்கோட்டைக் கணவாய், அதைத் தாண்டி வர்க்கலா கடற்கரை. வண்டியை ஓட்டியதும் பாய்தான்.

கிளம்பும் நேரம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். "வைங்கம்மா, டயருக்கு நல்லதுன்னா எனக்கும் நல்லதுதானே" என்று பாய் ஒதுங்கி நின்றார். தனம் அக்கா கற்பூரத்தைக் கொளுத்தினார். ஆனால் வண்டிக்குக் காட்டவில்லை. நேராகப் புருஷனிடம் நீட்டினார்.

"சத்தியம் பண்ணு. திரும்பி வூடு வந்து சேர்ற வரைக்கும் மனை, பட்டா, கிரவுண்டு, ரோடுன்னு ஒரு வார்த்த வாயில வரக்கூடாது. வந்துச்சோ, அங்கியே எறங்கி எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீ லேஅவுட்ட சோத்துல பெசஞ்சி துண்ணு."

அக்கா சொன்னால் செய்பவர். அது தெரு முழுக்கத் தெரியும். அப்ரோச் ரோடு எங்களைப் பார்த்தார். நாங்கள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தோம். வேறு வழியில்லாமல் கற்பூரத்தின் மேல் கையடித்துச் சத்தியம் செய்தார். அவருடைய செல்போனையும் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார் அக்கா.

முதல் சோதனை கூடுவாஞ்சேரியிலேயே வந்துவிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் கலர் கலராகக் கொடிகள், வெள்ளை அடித்த எல்லைக் கற்கள். அதில் பாதி இவர் விற்றுக்கொடுத்தவை. மனுஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். செங்கல்பட்டு வரை துண்டுக்குள்ளிருந்து "ம்ம்... ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. எஞ்சினில் கோளாறோ என்று பாய் இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டினார்.

மதுரை மகாலில் அந்தத் தூண்களையும் அந்த முற்றத்தையும் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். இவரைக் காணோம். பார்த்தால், சுவர் ஓரமாக நீட்டி நீட்டி அடி வைத்து நடந்துகொண்டிருக்கிறார்.

"இன்னா பண்றே?" என்றார் அக்கா.

"நடக்குறேன்."

"நடக்குறவன் ஏன் வெரல மடக்குறே?"

"தனம், சத்தியம் வாய்க்குத்தான். காலுக்குச் சொல்லல."

"இப்ப சொல்றேன். காலுக்கும்தான்!"

அதன் பிறகு மதுரை முழுவதும் புதுப்பெண் மாதிரி பொடி நடை நடந்தார்.

குற்றாலத்தில்தான் உச்சகட்டம். அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுபவரிடம் குப்புறப் படுத்திருந்தார். தேய்ப்பவர் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். "அண்ணாச்சி மெட்ராஸா? நம்ம சித்தப்பாவுக்கு தென்காசி ரோட்டு மேலயே ஒரு இடம் கெடக்கு. சதுரமான இடம். நல்ல பார்ட்டி இருந்தாச் சொல்லுங்க, முடிச்சிருவோம்."

அப்ரோச் ரோட்டின் காது விடைத்ததை நான் பார்த்தேன். அக்கா பத்தடி தள்ளி மாங்காய் கடித்துக்கொண்டு நின்றார். கடிப்பதை நிறுத்திவிட்டார்.

"அண்ணாச்சி, கேக்குதா? வில்லங்கமே கெடையாது!"

ஐயோ என்று ஓர் அலறல். தேய்த்தவரை உதறிவிட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, கூட்டத்தை வழுக்கிக்கொண்டு போய் நேரே அருவிக்குள் புகுந்துகொண்டார். போலீஸ்காரர் விசில் ஊதியும் வெளியே வரவில்லை. "உங்க ஆளுக்குத் தண்ணின்னா உசுருபோல" என்றார் தேய்த்தவர். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தியம் மட்டும் தப்பித்தது.

ஆனால் அருவியிலிருந்து வெளியே வந்த மனிதர் வேறு ஆள். துண்டு தேவைப்படவில்லை. எதுவுமே பேசவில்லை. செங்கோட்டைப் பக்கம் பேர்போன பார்டர் பரோட்டாவைப் பாதியில் வைத்துவிட்டார். செங்கோட்டை தாண்டி மலை ஏறுகிறது வண்டி. பச்சையும் பனியுமாக ஜன்னலில் வந்து இடிக்கிறது. குழந்தைகள் கத்துகின்றன. இவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தேநீருக்கு நிறுத்திய இடத்தில் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "என்னண்ணா, உடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். எல்லாரும் மலையப் பாத்து ஆகா ஓகோன்றீங்க. எனக்கு அப்டி பாக்கத் தெர்ல. மண்ணப் பாத்தா எனக்கு அந்தப் பேச்சுதான் வருது. அத வுட்டா நான் தனத்தாண்ட இன்னா பேசுவேன், சொல்லு?"

சுருக்கென்று இருந்தது எனக்கு. அதுவரை இந்தச் சத்தியத்தை ஒரு விளையாட்டு மாதிரிதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வண்டியில் ஏறும்போது அக்கா என் மனைவியிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தது. "மலையப் பாக்க வந்தேன். இந்த ஆளு மூஞ்சியப் பாத்துகினு கீறேன். பேஜாரா கீது."

வர்க்கலாவில் மழை வழிவிட்டிருந்தது. செம்மண் பாறை விளிம்பில் எல்லோரும் வரிசையாக நின்றோம். கீழே கடல். அக்கா கேட்ட சூரியன் அக்கா கேட்டபடியே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கன்னத்தில் கை வைத்தபடி அசையாமல் பார்த்தார். சூரியன் முழுதாக முங்கியது. அதன் பிறகுதான் திரும்பினார். அப்ரோச் ரோடு பக்கத்திலேயே, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"யோவ்."

"ம்?"

"இந்த எடம் எத்தினி கிரவுண்டு தேறும்?"

அவர் பதறி இரண்டு அடி பின்வாங்கினார். "வேணாம் தனம். வாயக் கெளறாத. கற்பூரத்து மேல அடிச்சிகீறேன்."

"கொளுத்தினது நான்தானே? அணைக்கிறதும் நான்தான்." அவருடைய உள்ளங்கையைப் பிடித்து விரித்து, 'ஃபூ' என்று ஊதினார் அக்கா. "போதுமா? சொல்லு இப்ப."

அப்ரோச் ரோடு எங்களைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மேக்க பாத்த வாசல் தனம்... பார்ட்டி கொஞ்சம் யோசிப்பான். ஆனா காத்து பாரு!"

அவ்வளவுதான், அணை உடைந்தது. மறுநாள் காலை திரும்பும்போது வழி நெடுக அவர் பேச்சுதான். கணவாயில் எந்தச் சரிவு தாங்கும், எது சரியும். எந்த வளைவில் அந்தக் காலத்தில் யார் எதற்காக ரோடு போட்டிருப்பான். எந்த மேட்டில் கிணறு வெட்டினால் தண்ணீர் வரும். சத்தியமாகச் சொல்கிறேன், போகும்போது நான் மலையைப் பார்க்கவே இல்லை. திரும்பும்போதுதான் பார்த்தேன்.

செங்கோட்டை இறக்கத்தில் அக்கா அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அதைக் கவனித்ததும் மனிதர் சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "ஏன் நிறுத்திட்டே? அந்தக் கெணறு இன்னாச்சி?" என்றார்.

தாம்பரம் வரும்வரை யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.