உங்கள் வண்டித் துருவுக்கு எந்த மூட்டை?

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சானுக்கு,

முதலில் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். ஓர் எழுத்து கூரையைப் பார்க்கிறது, அடுத்தது தரையைப் பார்க்கிறது. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனால் கோடு ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். சுழி நிறைய உள்ள எழுத்து வந்தால் பேனாவைக் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். நாங்கள் இங்கே சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றால் இந்நேரம் உங்கள் அக்காவுக்குப் போன் வந்திருக்கும். நேரில் ‘வாடா போடா’ என்பவன் கடிதத்தில் ‘நீங்கள்’ போடுகிறேனே என்று தலைக்கனம் பிடித்துவிட வேண்டாம். கடிதம் என்றால் மரியாதை வேண்டும் என்று எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். இது என் வாழ்நாளில் நான் எழுதும் முதல் கடிதம். போனில் பேசினால் உங்கள் அக்கா பாதியிலேயே பிடுங்கிக்கொள்வாள். தாளைப் பிடுங்கினாலும் நான் சொன்னது அதில் அப்படியே இருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. எவ்வளவு பெரிய வசதி, மச்சான்!

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் லாரியில் போட்டு அனுப்பிய சாமான் பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் ரொட்டி வண்டியின் பின்கதவு இரண்டு, இரும்புச் சக்கரம் நான்கு, கார்புரேட்டர் ஒன்று. சாக்கைப் பிரித்ததும் பாதித் துரு சாக்கிலேயே கொட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை வண்டிப் பரிசோதனை, இந்தத் தடவையும் துரு என்று ஆபீசர் எழுதிவிட்டால் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது, வண்டி இறங்காவிட்டால் கடைகளுக்கு ரொட்டி போகாது, கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நீங்கள் சொன்னதாக உங்கள் அக்கா சொன்னாள். அந்தக் கவலையை இந்த வரியோடு விட்டுவிடுங்கள். வேலை முடிந்துவிட்டது! எப்படி முடிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மருமகள் பட்டறையில் துரு எடுப்பதை நீங்கள் பார்த்ததில்லை. கம்ப்ரஸரில் அடைத்த காற்று ஒரு குழாய் வழியே சீறிக்கொண்டு வரும், வரும்போது பொடிப்பொடியான மணிகளை அள்ளிக்கொண்டு வந்து இரும்பின் மேல் இறைக்கும், துரு பறந்துவிடும். பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் என்ன மணியை இறைப்பது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. இத்தனை நாளாக நான் அங்கே மூட்டை தூக்கி வைப்பவன் மட்டும்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை மூட்டை, வெள்ளை மூட்டை, கிழிந்த மூட்டை. போன வாரம் டீ குடிக்க வழக்கமாக உட்காரும் மூட்டையின் மேல் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘கண்ணாடி மணி’ என்று இருந்தது. டீயோடு துள்ளி எழுந்துவிட்டேன். மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “மாமா, அது உடைஞ்ச கண்ணாடி இல்ல, உருண்டை உருண்டையா இருக்கும். இத்தனை நாள் குத்தாதது படிச்சதும் குத்துதா?” அன்றைக்கே எல்லா மூட்டையையும் வாசித்து முடித்தேன். வாசித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மச்சான் வண்டிக்கு எந்த மூட்டை என்று நானே பார்த்துச் சொல்கிறேன் என்று மருமகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் அக்கா உடனே ஒரு யோசனை சொன்னாள். எதிரே வீடு கட்டுகிறார்கள், வாசலில் மணல் மலை மாதிரி கிடக்கிறது, கேட்டால் ஒரு தள்ளுவண்டி கொடுக்க மாட்டார்களா என்றாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. கேட்டு வாங்கி, வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தால் மருமகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழியை மறித்தாள். “மணல் இந்த வாசப்படி தாண்டக் கூடாது மாமா. அடிக்கிற வேகத்துல அது மாவாப் போகும், அந்த மாவு நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது. துரு போறதுக்குள்ள நாம போயிடுவோம்” என்றாள். அவ்வளவு மணலையும் திரும்பத் தள்ளிக்கொண்டு போனேன். வீடு கட்டும் மேஸ்திரி, “என்ன பெரியவரே, பிடிக்கலையா? வேற கலர் காட்டவா?” என்று கேட்டான். ஊரில் எல்லோருக்கும் வாய் நீளம்.

அடுத்து உருக்குப் பொடி. கையில் எடுத்தாலே கனமாக, கூராக, கோபக்கார மனுஷன் மாதிரி இருந்தது. இதுதான் நம் ஆள் என்று முடிவு கட்டினேன். ஆனால் உங்கள் வண்டிக் கதவில் எடுத்ததும் அடிக்க எனக்கு மனம் வரவில்லை, மச்சான், அது உங்கள் பிழைப்பு. அதனால் எங்கள் வீட்டுப் பீரோவின் ஒற்றைக் கதவைக் கழற்றிக்கொண்டு போனேன். அதிலும் துரு இருந்தது, சுத்தம் செய்து கொடுத்தால் உங்கள் அக்காவும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அடித்தேன். துரு ஓடியே போய்விட்டது. கூடவே கதவின் நேர்மட்டமும் ஓடிவிட்டது. மெல்லிய தகடு, அடி தாங்காமல் ஒரு இடம் உப்பி ஒரு இடம் குழிந்து, அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிட்டது. திரும்ப மாட்டினால் மூட மாட்டேன் என்கிறது. இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் உங்கள் அக்காவின் புடவைகளையும் என் பழைய பனியன்களையும் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். “என் தம்பி வண்டி பொழச்சுது, என் பீரோ போச்சு” என்று அவள் வருகிறவர்களிடம் எல்லாம் விளக்கம் கொடுக்கிறாள். நீங்கள் போன் செய்தால் பீரோவைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம்.

பிறகு ஒரு வெள்ளை மூட்டை. அதில் இருந்தது அக்ரூட் ஓடு, மச்சான்! அக்ரூட் கொட்டையின் ஓட்டை உடைத்துப் பொடியாக்கி மூட்டை கட்டி விற்கிறார்கள். உங்கள் அக்காவிடம் ஒரு பிடி கொண்டுபோய்க் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஓடு இங்க இருக்கு, சரி. உள்ள இருந்த பருப்பை யாரு தின்னது?” என்றாள். மருமகளிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அந்த ஓட்டுப் பொடியைச் சக்கரத்தில் அடித்துப் பார்த்தேன். துருவைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தது, அவ்வளவுதான். ஆனால் கார்புரேட்டர் அலுமினியம், அதற்குக் கடுமை ஆகாது. அதில் அடித்தால் எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்பும் மட்டும் கழன்று, ஒரு கீறல் இல்லாமல் குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி நிற்கிறது!

கடைசியில் உங்கள் இரும்புக்கு ஏற்றது பழுப்பு மூட்டை என்று கண்டுபிடித்தேன். அலுமினியம் ஆக்சைடு. இந்தப் பெயரை வாசித்து முடிக்கவே எனக்கு ஒரு டீ ஆகிவிட்டது. பார்க்க நாட்டுச் சர்க்கரை மாதிரி இருக்கும், பல் மட்டும் கூர்மை. சக்கரத்துக்குப் பெரிய மணி, காற்று முழு வேகம். கதவுக்குப் பொடி மணி, காற்றைப் பாதியாகக் குறைத்து, நேராக அடிக்காமல் சாய்த்து அடிக்க வேண்டும். “கை நின்னா கதவு நெளியும் மாமா, போய்க்கிட்டே இருங்க, போய்க்கிட்டே இருங்க” என்று மருமகள் பின்னாலிருந்து கத்த, நான் முகமூடிக்குள் வியர்த்து ஊற்ற, இன்று காலையில் நான்கு சக்கரமும் இரண்டு கதவும் முடிந்தன. ஒரு நெளிவு கிடையாது. துரு என்ற பேச்சே கிடையாது. சாம்பல் நிறத்தில், பளபளக்காமல், பூப்போல இருக்கிறது இரும்பு! இரும்பின் சொந்த நிறம் இதுதான் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். சந்தோஷம் தாங்காமல் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் அழுத்தித் தடவிப் பார்த்தேன். உங்கள் தோளில் தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது.

மருமகள் வேறு ஒருவர் சாமானைக் கொடுக்க டெம்போவில் கிளம்பிவிட்டாள். போகும்போது, “பிரைமர் டப்பாவைத் திறந்து வெச்சிருக்கேன், உடனே ஒரு கோட் அடிச்சுடுங்க. மத்த வேலை எல்லாம் அப்புறம்” என்றாள். அடித்துவிடலாம், பெயிண்டுக்கு அடியில் பூசும் பூச்சுதானே, அது என்ன பெரிய வேலை, பிரஷ்ஷை எடுத்தால் முடிந்தது. அதற்கு முன்னால் உங்களுக்கு நல்ல செய்தியைச் சொல்லிவிடுவோம் என்றுதான் கதவுகளுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் என்று நினைத்தது இவ்வளவு ஆகிவிட்டது. நடுவில் உங்கள் அக்கா சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, “இன்னுமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். வெளியே மழை தூறுகிறது. சாரல் கொஞ்சம் உள்ளேயும் அடிக்கிறது, எழுதுவதற்கு நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது.

ஆகவே மச்சான், வியாழக்கிழமை கதவும் சக்கரமும் கார்புரேட்டரும் உங்கள் வீட்டு வாசலில் இருக்கும். மாட்டிக்கொண்டு, ஆபீசர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நில்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. சின்னவர்களுக்கு ஆசி. நீங்களும் உங்கள் வண்டியும் நீண்ட நாள் நன்றாக ஓட வேண்டும்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடத் தெரிந்த
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மருமகள் வந்துவிட்டாள். கதவைப் பார்த்தாள், திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் கதவைப் பார்த்தேன். இரண்டும் மஞ்சள் பூத்துக் கிடக்கின்றன, சக்கரமும் அதே கதிதான். துரு எடுத்த இரும்பு பச்சைப் பிள்ளை மாதிரி, உடனே போர்த்த வேண்டுமாம், ஈரக் காற்றுப் பட்டாலே மறுபடி துரு பிடிக்குமாம். மேலே வேலை முடிந்தது என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நான் தடவிய இடத்தில் ஐந்து விரலும் ரேகையோடு சிவப்பாகப் பதிந்திருக்கின்றன. உங்கள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “கையெழுத்து கத்துக்கிட்டவர் கைநாட்டை மட்டும் மறக்கல பாரு” என்றாள். மருமகள் திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. “பொடி மணி, பாதிக் காத்து. ஆரம்பிங்க மாமா. வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தாகணும்” என்று முகமூடியைக் கையில் கொடுத்து, பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். இதை இரும்பில் குறி போடும் சாக்பீஸால் எழுதுகிறேன், தேய்ந்து போயிருந்தால் மன்னிக்கவும். இந்தத் தடவை பிரைமர் அடித்த பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பேன். அடுத்த வாரம் வண்டி தேறினால் எப்படித் தேறியது என்றும், தேறாவிட்டால் யாரால் தேறவில்லை என்றும் விவரமாக எழுதுகிறேன் மச்சான், பெயிண்ட் காய்ந்ததும்.