பொட்டலம் பிரித்த வியாழக்கிழமை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் நாங்கள் 'பொட்டலம்' என்று பட்டப்பெயர் வைத்த மனிதரைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடைக்கமாட்டார். இனி ஒருவர் பிறப்பதாக இருந்தாலும், பிறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருப்பார்.

எழுபதுகளில் தாழ்ப்பாள் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மெஷின். சாமியிடம் உத்தரவு கேட்க, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் போட்டு ஒன்றை எடுப்பார்களே, அந்த வழக்கத்தை மனிதர் கம்பெனிக்கே கொண்டுவந்துவிட்டார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். கேன்டீனில் பூரி சாப்பிடலாமா? பொட்டலம். தலைவலிக்கு மாத்திரை போடலாமா? பொட்டலம். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்திலிருந்த வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் இவர் ஒருவராலேயே மொட்டையாயின.

அதோடு விட்டாரா?

"ஒருவாட்டி வந்தா எப்டிப்பா நம்பறது? மூணு வாட்டி பாப்போம்" என்பார். மூன்று ஐந்தாகும். அதற்குள் பூரி தீர்ந்துபோகும்.

பேக்கிங் செக்‌ஷன் மல்லிகாவுக்கு இவர்மேல் பிரியம். இவருக்கு அவள்மேல் உயிர். ஆனால் அவள் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்க மட்டும் மூன்று மாதமாக உத்தரவு கிடைக்கவில்லை. வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வந்து மனிதர் பாதியாக இளைத்துவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் மல்லிகா நேராக வந்து நின்றாள்.

"யோவ், நாளைக்கு ஆரணியிலேர்ந்து என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. இன்னிக்கு நீ வந்து எங்க நைனாகிட்ட பேசுவியா, மாட்டியா?"

"எதுக்கும் ஒருவாட்டி பாத்துட்டு..." என்று இவர் சட்டைப்பையைத் தடவினார்.

"உன்னோட பேஜாராப் போச்சுய்யா! இரு, நானே கட்டிக்கினு வரேன்."

போனாள், வந்தாள், இரண்டு பொட்டலங்களை மேஜைமேல் போட்டாள். இவர் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை! நாங்கள் கைதட்டினோம். சந்தேகம் பிடித்த கை சும்மா இருக்குமா, மற்றதையும் பிரித்தது. அதிலும் வெள்ளை.



"இன்னா மல்லிகா இது? சிவப்பு எங்க?"

"என்கிட்ட ஒரே பதில்தான்யா இருக்குது. அப்புறம் சிவப்பு எதுக்கு?"

மனிதர் அவளையே பார்த்தார். பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். "வாங்கப்பா, போய்ப் பேசிட்டு வந்துடலாம்!"

ஷிப்ட் முடிந்ததும் எண்ணெய்ச் சட்டையோடு பன்னிரண்டு பேர் அவள் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவள் அப்பா ஒரு நிமிஷம் அரண்டு போனார்.

"மாப்ள யாருப்பா இதுல?"

"நான்தான். கன்ஃபார்ம்!" என்றார் பொட்டலம்.

அந்த மனிதர் வாயில் அப்படியொரு வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி விசிலடித்தோம்.

இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணம். அதற்கு முந்தின நாள் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சரியாக வருமா, வராதா? பொட்டலம் என் கையில் இரண்டு பொட்டலங்களை வைத்தார்.

"தைரியமா எடுப்பா."

எடுத்தேன். வெள்ளை. மற்றது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. இதுவரை நான் அதைப் பிரித்ததில்லை. கட்டித் தந்தது மல்லிகாவின் புருஷனாயிற்றே, அதிலும் வெள்ளைதான் இருக்கும்.