ஒரே அமுக்கில் மாற்றுகிறவர்

'ஒரே அமுக்கு' மனிதர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்து எழுதினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையை பொத்தானின் ஒரே அமுக்கில் முடிப்பதற்காக மூன்று நாள் யோசிப்பார். அமுக்கிய பிறகு என்ன ஆயிற்று என்று மட்டும் பார்க்க மாட்டார். பார்த்தால், தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா?

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, இரண்டாயிரத்து நான்கில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த வேதகிரி இந்த இனத்தில் உயர்ந்த ரகம். ஆறு மாதம் பிஎச்பி என்ற கணினி மொழியில் கோடு எழுதப் படித்தவர். எதைக் கேட்டாலும் நாற்காலியை அரைச் சுற்றுச் சுற்றி, "ரெண்டு லைன் கோடு, அவ்ளோதான்" என்பார்.

பக்கத்து ஊரில் குழாய்த் தண்ணீருக்கு முறை. மேலத் தெருவுக்குக் காலை, கீழத் தெருவுக்கு மாலை. நடவு தொடங்கியதும் கீழத் தெருப் பெண்கள் வயலிலிருந்து திரும்புவதற்குள் குழாயை அடைத்துவிடுவார்கள். அந்தத் தெருச் சிட்டம்மாள் பஞ்சாயத்தில் ஒரு மாதம் மல்லுக்கட்டி முறையை மாற்ற வைத்தார். நூற்றிருபது வீட்டுப் பட்டியலில் காலையை மாலையாகவும் மாலையைக் காலையாகவும் மாற்றி, வீட்டுக்கொரு சீட்டு அடிக்கும் வேலை வேதகிரிக்கு வந்தது.

முதல் வரி: 'காலை' இருக்கிற இடமெல்லாம் 'மாலை'. இரண்டாவது வரி: 'மாலை' இருக்கிற இடமெல்லாம் 'காலை'. அமுக்கினார். முதல் வரி முடிந்ததும் ஊர் முழுக்க மாலை. இரண்டாவது வரி வந்து அத்தனையையும் காலையாக்கிவிட்டுப் போனது. பாவம், கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்தது. அச்சான சீட்டுகளைத் திரும்பிப் பார்க்காமல் கட்டிக் கொடுத்தார் வேதகிரி.

மறுநாள் விடியற்காலையில் இரண்டு தெருக் குடங்களும் ஒரே குழாய்க்கு வந்தன. மேலத் தெரு முந்திக்கொண்டது. சிட்டம்மாள் வெறும் குடத்தோடு திரும்பினார். மாலையில் குழாய்க்காரர் பச்சமுத்து குழாயைத் திறந்துவைத்து, ஒரு காக்கை வந்து குடித்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வேலையை விட்டுவிட்டு, அந்த வெறும் குடத்தோடு சென்டருக்கே வந்துவிட்டார் சிட்டம்மாள்.

"இன்னாப்பா பண்ணி வெச்சிக்கீற? அல்லாருக்கும் காலைன்னே கீது!"

"கோடு கரெக்ட்டுக்கா. பிஎச்பிலதான் இன்னாவோ பேஜார்."

"பேஜாரு உங்கிட்ட கீது. ரெண்டு கொடத்துல கீற தண்ணிய மாத்தி ஊத்தணும்னா மூணாவதா ஒரு காலிக் கொடம் வேணாமா? அதுலயே ஊத்திக்கினா எது எதுன்னு எப்டித் தெரியும்?"

வேதகிரிக்குக் காது சிவந்தது. பழைய பட்டியலை மறுபடி திறந்து, 'காலை'யைக் 'காலிக்குடம்' ஆக்கினார். 'மாலை'யைக் 'காலை' ஆக்கினார். 'காலிக்குடம்' அத்தனையையும் 'மாலை' ஆக்கினார். சிட்டம்மாள் நகரவில்லை. நூற்றிருபது சீட்டையும் அவரையே உரக்கப் படிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தார். மறுநாள் கீழத் தெருவில் விடிவதற்குள் குடங்கள் நிறைந்தன.

வேதகிரி திருந்தினாரா? அடுத்து வந்தவரைப் பார்த்து நாற்காலியை அரைச் சுற்றுச் சுற்றினார். "மூணு லைன் கோடு, அவ்ளோதான்."

சிரிக்கிறீர்கள். சரி. போன வாரம் யாரோ எழுதிய விண்ணப்பத்தை வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களே, கடைசிப் பக்கம் பார்த்தீர்களா? போய்ப் பாருங்கள். உங்கள் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யார் இருக்கிறாரோ!