பெண் பார்க்கப் போன டிராக்டர்

சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொதுவான குணம் உண்டு. அதைப் பெரிய டிராக்டர் என்று நினைத்துக்கொண்டே வேலை வாங்குவார்கள். எழுபதுகளின் கடைசியில், மாதனூர் பக்கத்தில், நானும் அப்படி ஒருவன்.

எங்கள் வண்டி உழுவதற்கென்று வாங்கியது. நான் அதன் பின்னால் டிரெய்லரை மாட்டி கரும்பு ஏற்றினேன், செங்கல் ஏற்றினேன், ஆம்பூர் டேனரிகளுக்குப் பதனிட உப்புப் போட்ட தோல் ஏற்றினேன். டிரெய்லரை இழுக்கும் கொக்கி அடிக்கடி விரிசல் விடும். நானும் சளைக்காமல் வெல்டிங் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அதில் இரும்பு கம்மி, வெல்டிங்தான் ஜாஸ்தி.

அந்தச் சமயத்தில்தான் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடானது. பஸ்ஸில் போகலாம் என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை சொந்த டிராக்டரில் வந்து இறங்கினால்தானே மதிப்பு? தோல் நாற்றம் போக டிரெய்லரைக் கழுவி, சாம்பிராணி போட்டு, ஜமுக்காளம் விரித்தேன். (நாற்றம் போகவில்லை. சாம்பிராணியோடு சேர்ந்து புதிதாக ஒன்று உருவாகியிருந்தது.)

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, நல்ல கனம். தட்டுகள், வாழைத்தாரோடு அம்மாவும் சொந்தக்காரர்களும் டிரெய்லரில் ஏறிவிட்டார்கள். மாமா மட்டும் ஏறுவதற்கு முன் கொக்கியைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாடா, இது தாங்குமா?"

"யானையக் கட்டி இழுக்கலாம் மாமா. நீங்க குந்துங்க."

ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். வண்டி முக்கி முனகிக் கடந்து எதிர்க்கரை மேட்டில் ஏறியது. பாதி மேட்டில் திடீரென்று ஒரு துள்ளு துள்ளிப் பாய்ந்தது. பெண் வீடு நெருங்கியதும் வண்டிக்கே உற்சாகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இன்ஜின் சத்தத்தை மீறி மாமாவிடம் பேசிக்கொண்டே ஓட்டினேன். பதிலே இல்லை. கல்யாணம் ஆகப்போகிறவன் பேச்சை மரியாதையோடு கேட்கிறார் என்று பட்டது.

பெண்ணின் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தார். கூடவே அவர்கள் சொந்தக்காரர்கள்.

"வாங்க தம்பி. பெரியவங்கல்லாம் எங்க?"

"பின்னாடி உக்காந்திருக்காங்க" என்று கையைக் காட்டினேன்.

எல்லாரும் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். பாதிக் கொக்கி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பொண்ணு பாக்கத் தனியாவே வந்துட்டாரு போல" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

வண்டியைத் திருப்பினேன். பெண்ணின் அப்பா, "சங்கிலிய எடுத்துக்கிட்டு மாட்ட ஓட்டியாங்க" என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார்.

டிரெய்லர் மேட்டிலிருந்து பின்னால் உருண்டு, மூக்கை மணலில் குத்தி நின்றிருந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் எல்லாரும் முன்பக்கம் சரிந்ததில் பெரிய மாமா வாழைத்தாரின் மேல் விழுந்திருந்தார். வெள்ளை வேட்டி முழுக்கப் பழம்.

"சகுனம் சரியில்ல. இந்தச் சம்பந்தமே வேணாம்" என்றார் அம்மாவிடம். "எல்லாத்தயும் எடு. திரும்பலாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். பெண்ணின் அப்பா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இன்னும் அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் ஏதோ கையில் இருந்ததைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது.

அப்போது மேட்டில் மாடுகள் இறங்கி வந்தன. அவற்றை ஓட்டி வந்த ஆளுக்குப் பின்னால், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண். நேராக மாமாவிடம் போய் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாள்.

"வேட்டியக் கழுவிக்குங்க. நீங்க வீட்டுக்கு வர முடியல. அதான் நானே வந்துட்டேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

மாமா சொம்பை வாங்கிக்கொண்டு வேட்டியைக் குனிந்து பார்த்தார். அவருடைய தொப்பை மெல்லக் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தார்.

"பொண்ணு புடிச்சிருக்கு" என்றார். "பையனத்தான் யோசிக்கணும்."

ஆற்று மணலிலேயே எல்லாருக்கும் சந்தனம் கொடுத்தார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது.

அந்த டிராக்டரை விற்று வெகு காலமாகிவிட்டது. மாமாவும் மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பஸ் பாலாற்றைத் தாண்டும்போதெல்லாம் அந்த மேட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வேன். மாமனார் ஊரில் என் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. கொக்கி மாப்பிள்ளை என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். போன வருடம் பள்ளிக்கூடத்தில் தாத்தா பெயர் எழுதச் சொன்னார்களாம். எங்கள் பேத்தி தயங்காமல் ‘கொக்கி’ என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். என் மனைவி வாங்கிப் பார்த்து, எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.